உங்களுக்குத் தெரியுமா? உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்!

கடலோர ஊர், விடுமுறைக்கு வந்த கூட்டம், ஒரு கொலை. ரத்தத்தை அதிகம் காட்டாமல், ஊர்க்காரர் ஒருவரே முடிச்சை அவிழ்க்கும் இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். நாம் 'இதமான கொலைக்கதை' என்று வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் நின்றபடி இந்த வாரம் அந்தக் கதைகளையும் சில நிஜ வழக்குகளையும் பார்ப்போம்.

1. செருப்பு சொன்ன சேதி

குயிலாப்பாளையத்தில் ஒரு டீக்கடை. போன கோடையில் அங்கே போய் உட்கார்ந்ததும், கடைக்கார அண்ணன் என் செருப்பை ஒரு பார்வை பார்த்தார். "மரக்காணம் உப்பளத்துக்கா போய்ட்டு வர்றீங்க சார்?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இந்த ஊர் மண்ணு செவப்பு. கடக்கரை மண்ணு உதறினா போயிடும். உங்க செருப்புல காஞ்சிருக்கிறது சாம்பல் கலர் சேறு, ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். அடிப்பாகத்தைச் சுற்றி உப்பு, கோலப்பொடி தூவியதுபோல் பூத்திருந்தது. இதமான கொலைக்கதையின் துப்பறிபவர் இப்படித்தான் இருப்பார். அவரிடம் துப்பாக்கியோ சீருடையோ இருக்காது. கண் மட்டும் இருக்கும்.

2. மண்ணை வைத்துப் பிடித்த முதல் ஆட்கள்

டீக்கடை அண்ணன் செய்ததை 1908-ல் ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் செய்தார் கியோர்க் பாப் என்ற வேதியியலாளர். கொலை வழக்கொன்றில் சந்தேக நபரின் காலணியில் மண் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு அடுக்கும் எந்த இடத்து மண் என்று பிரித்துப் பார்த்து, அவர் நடந்த வழியையே பாப் வரிசைப்படுத்தினார். "தொட்டால் ஒட்டும், ஒட்டியது காட்டிக்கொடுக்கும்" என்ற கருத்தைத் தடயவியலின் அடிப்படையாக நிறுத்தியவர் எட்மண்ட் லோக்கார்ட். 1910-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் போலீஸ் ஆய்வுக்கூடம் தொடங்கியவர் அவர்.

3. கொலைக்கதை ராணி கடற்கரைப் பெண்

அகதா கிறிஸ்டி பிறந்தது 1890-ல், இங்கிலாந்தின் டெவன் மாவட்டக் கடற்கரை ஊரான டார்க்கீயில். விடுமுறைக்கு வருகிறவர்கள், ஹோட்டல் வராந்தா, கடலைப் பார்த்த பெரிய வீடு என்று சிறுவயதில் பார்த்ததெல்லாம் பின்னால் கொலைக்களங்களாயின. அவருடைய 'பெரில் அட் எண்ட் ஹவுஸ்' (1932) நாவலில் வரும் கற்பனை ஊருக்கு மாதிரி டார்க்கீதான். அவருடைய நூல்கள் உலகெங்கும் 200 கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

4. விஷம் கற்றுக்கொடுத்த ஆஸ்பத்திரி

முதல் உலகப்போரின்போது டார்க்கீ ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் பிரிவில் கிறிஸ்டி வேலை பார்த்தார். எந்த மருந்து எத்தனை துளியில் குணமாக்கும், எத்தனை துளியில் கொல்லும் என்பதை அங்கேதான் கற்றார். 1920-ல் வெளியான முதல் நாவலிலேயே கொலைக்கருவி விஷம்தான். அவர் நாவல்களில் பலர் விஷத்தால் சாவதற்குக் காரணம் அந்த மருந்து அலமாரி.

5. தண்ணீர் சூழும் ஹோட்டல்

டெவன் கரையோரம் பர் என்றொரு குட்டித் தீவு. கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம். கடல் ஏறினால் தனித்தீவு. அப்போது ஆட்களை ஏற்றிப்போக, உயரமான சக்கரங்கள் பொருத்திய கடல் டிராக்டர் ஓடுகிறது. இந்தத் தீவை மனதில் வைத்துத்தான் கிறிஸ்டி இரண்டு நாவல்கள் எழுதினார். 1939-ல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' ஒன்று, 1941-ல் வந்த 'ஈவில் அண்டர் த சன்' மற்றொன்று. கொலைகாரன் வெளியே ஓட முடியாது, வெளியாள் உள்ளே வர முடியாது. அதனால் சந்தேகமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மேல்தான் விழும்.

6. அந்த உத்தி நம் கரையில் பலிக்காது

டெவன் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். சோழமண்டலக் கரையில் அது ஏறக்குறைய 1 மீட்டர்தான். "கடல் ஏறிவிட்டது, திரும்ப வழியில்லை" என்று இங்கே ஒருவர் கதை சொன்னால் மீனவர் யாரும் நம்ப மாட்டார். ஆங்கிலக் கதையை அப்படியே தூக்கிவந்து நம் கரையில் வைக்க முடியாததற்கு இது ஒன்றே போதும். நம் கடலுக்கு நம் கதைதான் பொருந்தும்.

7. நம் கரையில் மாட்டிக்கொள்ளும் 3 பொய்கள்

"கடலில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் உதிக்கும், மறைவதோ முந்திரித் தோப்புக்குப் பின்னால்.

"மே மாதம் 10-ஆம் தேதி விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தேன்." கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் அது.

"நவம்பரில் உப்பளத்தில் வேலையாக இருந்தேன்." வடகிழக்குப் பருவமழையில் பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும், உப்பு வார முடியாது. மழைக்கால வேலையிழப்புக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதே இதனால்தான்.

8. ஒரே ரோட்டில் இரண்டு போலீஸ்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். முத்தியால்பேட்டை புதுச்சேரி. கோட்டக்குப்பம் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் கழிந்தால் மறுபடி தமிழ்நாடு. அரை மணி நேரப் பயணத்தில் காவல்துறை எல்லை இத்தனை முறை மாறுகிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு துண்டாகப் பிடித்துவைத்த நிலத்தின் மிச்சம் இது. கதாசிரியருக்கு இதைவிட நல்ல சிக்கல் கிடைக்குமா? கரையில் ஒதுங்கிய உடல் எந்த ஊர் மணலில் கிடக்கிறது என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

9. கிணற்றில் கிடைத்த ஜாடி

நிஜமான ஒற்றர்கள் நடமாடிய கரை இது. 1908-ல் பாரதியாரும், 1910-ல் ஸ்ரீ அரவிந்தரும், அதே காலத்தில் வ.வே.சு. ஐயரும் பிரெஞ்சுப் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார்கள். பிரிட்டிஷ் உளவாளிகள் அவர்கள் வீடுகளை இரவு பகலாகக் கண்காணித்தார்கள். ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி சிக்கியது. உள்ளே அரசுக்கு எதிரான தாள்கள். மாட்டிவிட யாரோ போட்டது. அதை ஒளிக்காமல் பிரெஞ்சுப் போலீஸிடம் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1912-ல் ஸ்ரீ அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த நீதிபதி நந்தோ, அங்கே லத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டு வியந்து, மரியாதையோடு திரும்பினார். பொய்ச் சாட்சியை வென்றது ஒளிக்காத நேர்மை.

10. கழுவாத கல்வம்

இந்தியாவில் குற்றச் சந்தேகத்துக்காகச் செய்யப்பட்ட முதல் பிரேதப் பரிசோதனை எங்கே நடந்தது தெரியுமா? சென்னைக் கடற்கரையில், புனித ஜார்ஜ் கோட்டையில், 1693-ல். இறந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர். மருந்து கொடுத்தவர் சாமுவேல் பிரவுன் என்ற மருத்துவர். உடலைப் பரிசோதித்தவர் எட்வர்ட் பல்க்லி. நடந்தது இதுதான்: முன்பு பாஷாணம் அரைத்த கல்வத்தைக் கழுவாமல், அதிலேயே வீலருக்கான மருந்தை அரைத்திருக்கிறார்கள். தன் மருந்தால்தான் நண்பர் இறந்தார் என்று பிரவுன் தாமே ஒப்புக்கொண்டார். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். சின்னக் கோட்டைக்குள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். கொலைகாரனைத் தேடிப் போனவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கழுவாத கல்வம்.

11. விஷம் கண்டுபிடிக்கச் சென்னையில் ஆய்வுக்கூடம்

விஷத்தைச் சோதித்துச் சொல்வதற்கென்று இந்தியாவில் அமைந்த முதல் ரசாயன ஆய்வுக்கூடமும் சென்னை மாகாணத்தில்தான், 1849-ல் தொடங்கியது. அதற்குமுன் சந்தேகம் இருந்தாலும் நிரூபிக்க வழி குறைவு. இன்றைய தடயவியல் கூடங்களுக்கெல்லாம் அது முன்னோடி.

12. கடற்கரையில் கிடைத்த சாட்சி

தமிழ்நாட்டை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு 1952-ல் நடந்தது. பேனா வியாபாரி ஒருவரைக் காணவில்லை. ராமேஸ்வரம் போகும் போட் மெயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ராணுவத்தில் இருந்தபோது பதிவான கைரேகை, காதில் இருந்த துளைகள், பல்வரிசை எல்லாம் சேர்ந்து ஆளை உறுதிப்படுத்தின. வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர், நாவல்களும் நாடகங்களும் எழுதிய எழுத்தாளர். இது இதமான கதையல்ல, ஒரு குடும்பத்தின் நிஜத் துயரம். கொலைக்கதையை ரசிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

13. மெரினா தந்தது, இராயபுரம் இழந்தது

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கித் தெற்கே குவிந்தது. மெரினாவின் அகலம் அப்படி வந்தது. 1884-ல் அதற்கு மெரினா என்று பெயரிட்டவர் கவர்னர் கிராண்ட் டஃப். வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. ஒரே சுவர், ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. அடுத்த துணுக்கு இதன் தொடர்ச்சி.

14. குயிலாப்பாளையம் கரையின் மிகப் பெரிய களவு

குயிலாப்பாளையத்திலிருந்து கீழே இறங்கினால் வரும் கடற்கரைக் கிராமங்களில் பெரியவர்களைக் கேளுங்கள். "அங்க வரைக்கும் மணல் இருந்துச்சு" என்று அலைக்கு நடுவே கை காட்டுவார்கள். வலை உலர்த்திய இடம், படகு நிறுத்திய இடம் எல்லாம் இப்போது கடல். களவாடியது யார்? 1980-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகச் சுவர்கள். சென்னையில் நூறாண்டுக்கு முன் நடந்ததே இங்கும் நடந்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி நகரக் கரையருகே எஃகுத் திட்டு ஒன்றைக் கடலில் இறக்கியது. அங்கே மணல் திரும்பி வந்தது. வடக்கே உள்ள குப்பங்களுக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும். துப்பு துலங்கிவிட்டது, பொருள்தான் இன்னும் முழுதாக உரியவர் கைக்கு வரவில்லை.

15. தமிழின் முதல் துப்பறியும் நூல்

1894-ல் பண்டித நடேச சாஸ்திரி எழுதிய 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்'. இவர் தொல்லியல் துறையில் கல்வெட்டு படித்தவர், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படித்த கண்ணுக்குத் தடயம் படிப்பது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

16. அடுத்து வந்த படை

ஆரணி குப்புசாமி முதலியார் மேல்நாட்டுக் கதைகளைத் தமிழாக்கி வாசகரை வளைத்தார். ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் படமாகி, எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்தபடி யோசித்தார். சுஜாதாவின் கணேஷ், 1968-ல் 'நைலான் கயிறு' வழியாகக் குமுதத்தில் அறிமுகமானார். கோவை ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். நூறாண்டைத் தாண்டிய மரபு இது. 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

17. தமிழின் இதமான துப்பறிவாளர்

தேவன் 1940-களில் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு, வங்கி குமாஸ்தா வேலை போனவர். தட்டுத் தடுமாறி எதையோ செய்வார், குற்றவாளி வந்து மாட்டுவான். ரத்தமில்லை, வக்கிரமில்லை. வீட்டில் பாட்டி முதல் பேரன்வரை சேர்ந்து உட்கார்ந்து படித்த துப்பறியும் கதை அது. மேல்நாட்டு 'கோஸி' என்னும் பெயர் இங்கே வருவதற்கு வெகுநாள் முன்பே அதன் சுவை நமக்குத் தெரியும்.

18. நாட்டுப்பாடல் தேடி வந்தவன்

வெளியூர்க்காரன் ஒருவன் கிராமத்துக்கு வருகிறான், பழைய ஜமீன் பங்களாவில் தங்குகிறான், கொலை நடக்கிறது. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' இப்படித்தான் தொடங்கி நகரும். வந்தவன் போலீஸ் இல்லை, நாட்டுப்பாடல் சேகரிக்கும் ஆராய்ச்சியாளன். ஊரின் பாட்டும் பேச்சும் குற்றத்தோடு பின்னிக்கொள்ளும். களத்தைக் கடற்கரைக்கு மாற்றினால் இந்த வகைக் கதைக்கு அசல் தமிழ் வடிவம் கிடைத்துவிடும்.

19. பாட்டில்லாத படமும் தீவுப் படமும்

வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாமல் வந்த படம். கொலையுண்டவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, உண்மை மெல்ல வெளிவரும். அவரே 1970-ல் 'நடு இரவில்' தந்தார். ஒதுங்கிய தீவு மாளிகையில் சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகும் கதை. பர் தீவில் பற்றிய பொறி கோடம்பாக்கம்வரை வந்தது இப்படி.

20. பூரியில் ஃபெலூடா

இந்தியக் கடற்கரையில் விடுமுறைக் கொலைக்கதை வேண்டுமா? சத்யஜித் ராய் 1979-ல் எழுதிய 'ஹத்யாபுரி' இருக்கிறது. துப்பறியும் ஃபெலூடா ஒடிசாவின் பூரிக்கு ஓய்வெடுக்கப் போக, கடற்கரை மணலில் பிணம் கிடக்கும். வங்காளிக்குப் பூரி எப்படியோ, சென்னைக்காரருக்குப் புதுச்சேரிக் கரை அப்படி.

21. கொலை அதிகம் நடந்த குட்டி ஊர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடிய 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் ஊர் கேபட் கோவ். அமெரிக்காவின் கிழக்கு ஓரத்து மெய்ன் மாநில மீன்பிடி ஊர் என்பது கதை. கடற்கரைக் காட்சிகளை எடுத்ததோ மறுகோடியில், கலிபோர்னியாவின் மெண்டோசினோவில். துப்பறிபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த வேடத்தில் ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்தார்.

22. பாதிரியார் வகுத்த 10 விதிகள்

1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்கு 10 விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். பேய், பிசாசு கூடாது. யாரும் அறியாத விஷம் கூடாது. கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அறம்: எழுதுகிறவர் படிக்கிறவரை ஏமாற்றக் கூடாது.

23. விரல் ரேகையில் உப்பு

மரக்காணத்துக்குப் பொருத்தமான தடயம் இது. விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு ஒட்டும். தாளில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தடவி வெளிச்சத்தில் வைத்தால், உப்பு இருக்கும் கோடுகள் மட்டும் கறுத்து ரேகை தெளியும். தாள் தண்ணீரில் நனைந்திருந்தால் உப்பு கரைந்துவிடும், இந்த முறை உதவாது. 'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்ற பழமொழிக்கு ஆய்வுக்கூடம் தரும் விளக்கம்போல் இருக்கிறது.

24. எந்தத் தண்ணீரில் மூழ்கினார்?

ஏரி, கடல், கழுவெளி என்று ஒவ்வொரு நீரிலும் டயட்டம் என்னும் நுண்ணிய பாசிகள் வெவ்வேறு இனமாக வாழ்கின்றன. அவற்றின் ஓடு கண்ணாடிபோல் மக்காதது. உயிரோடு மூழ்கியவர் மூச்சிழுக்கும்போது அவை ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போகும். இறந்தபின் தள்ளப்பட்டால் ரத்த ஓட்டம் இல்லை, அவ்வளவு தூரம் போவது அரிது. மருத்துவர்கள் இதைத் துணைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2021-ல் பறவைகள் சரணாலயமான, மரக்காணம் பக்கத்துக் கழுவெளி, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம். 5,151 ஹெக்டேர் பரப்பு. அங்கே மூழ்கியதாகச் சொல்லப்படும் உடலில் கடல் டயட்டம் மட்டும் இருந்தால், கதை அங்கே திரும்பும்.

25. வலையில் வந்தாலும் வேண்டாம்

பேத்தை மீன் வலையில் சிக்கினால் மீனவர்கள் தூக்கி எறிவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள டெட்ரோடோடாக்ஸின் என்னும் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. 1774-ல் கேப்டன் குக் பசிபிக் தீவொன்றில் இந்த மீனைச் சிறிது சுவைத்துவிட்டு இரவெல்லாம் கை, கால் மரத்துத் தவித்தார். குப்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்.

26. முந்திரி விட்ட வடு

குயிலாப்பாளையத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகள் உண்டு. பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டால் பொத்துப் புண்ணாகும். உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வார்கள். வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. இரவில் தோப்பில் எதையோ புதைத்தவன், மறுநாள் கொப்புளத்தோடு வந்து நிற்கலாம்.

27. நள்ளிரவில் நடப்பவர்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். முட்டைகளைக் காக்கத் தன்னார்வலர்கள் இரவில் டார்ச்சோடு மணலில் நடப்பார்கள். அவர்கள் தேடுவது தடம். ஆமையின் தடம் எது, நாயின் தடம் எது, இழுத்துச் சென்ற மூட்டையின் தடம் எது என்று ஒரே பார்வையில் பிரித்துவிடுவார்கள். ஆளில்லாத கரை என்று நினைத்து வருகிறவனுக்கு அங்கே சாட்சிகள் காத்திருக்கிறார்கள்.

28. சி ஃபார்ம்

ஆரோவில்லில் ஏறத்தாழ 60 நாட்டுக்காரர்கள் வாழ்கிறார்கள். 1968 பிப்ரவரி 28-ல் அது தொடங்கியபோது 124 நாடுகளின் மண் ஒரு பளிங்குத் தாழியில் இடப்பட்டது. சுற்றிலும் விருந்தினர் இல்லங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர், 'சி ஃபார்ம்' என்று வழங்கிவரும் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். யார், எந்த நாள், எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கதையில் வரும் ஹோட்டல் ரிஜிஸ்டருக்கு நம் ஊர்ப் பெயர் இது.

29. உமணர் வழி

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கருத்து. சங்க காலத்தில் உப்பு வணிகரான உமணர் வண்டிகளோடு உள்நாடுவரை போனார்கள். வண்டியோடு சேதியும் போயிருக்கும். இன்று உப்பளத்தில் வரப்போரம் அம்பாரமாகக் குவித்து, கீற்று வேய்ந்து வைக்கிறார்கள். பாத்தியில் நடக்கும் பெண்ணைக் கவனித்துப் பாருங்கள். உப்பு உருளும் சத்தத்திலும் காலுக்கடியில் நெரியும் பதத்திலும் வாரலாமா, இன்னும் ஒருநாள் விடலாமா என்று சொல்லிவிடுவார். பாத்தியில் தவறி விழுந்த சாவியின்மேல் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்தால், அது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் அவரால் சொல்ல முடியும்.

30. திண்ணைப் பாட்டியின் முறை

கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-ல் முதல் நாவலுக்கு வந்தார். கிராமத்தைவிட்டு அதிகம் போகாத முதிய பெண். அவருடைய முறை எளியது: புதிதாக வரும் ஒவ்வொருவரையும் தன் ஊரில் பார்த்த ஒருவரோடு ஒப்பிடுவார். பால்காரர் பொய் சொன்ன விதம், வேலைக்காரப் பெண் பயந்த விதம் எல்லாம் நினைவில் இருக்கும். நம் திண்ணைப் பாட்டிகளுக்கும் இது கைவந்த கலை. சாதாரண மனிதரின் கவனிப்புக்கு மரியாதை செய்வதால்தான் இந்தக் கதைகளை நேசிக்கிறேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்று கவலைப்படும் ஆள் இருக்கும் ஊரில், ஒரு சாவு கேட்பாரற்றுப் போகாது.

நம் கரையைக் களமாக்கி எழுதப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். துப்பறிபவரை நகரத்திலிருந்து காரில் இறக்காதீர்கள். மீன் விற்கும் அக்காவையும், உப்பு வாரும் அம்மாவையும், செருப்பைப் பார்த்தே ஊர் சொன்ன டீக்கடை அண்ணனையும் ஒருமுறை பாருங்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். குடிக்க அவன் வந்து நிற்கப்போவது அந்த அண்ணன் கடையில்தான்.